மகன் கையில் கட்டிய கயிறு

டிரைவர் துரைராசுவைப் பற்றிச் சொல்லச் சொன்னால் எங்கள் டெப்போவில் எவரும் அந்த மெடலில்தான் ஆரம்பிப்பார்கள். இருபத்தைந்து ஆண்டுகள் விபத்தே இல்லாமல் அரசு பஸ் ஓட்டியதற்காகக் கொடுத்தது. திருக்காட்டுப்பள்ளியில் அவர் வீட்டுக் கூடத்தில், டி.வி.க்கு மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார்கள். எனக்கு மட்டும் அதைப் பார்க்கப் பிடிக்காது. அதற்குக் காரணம் உண்டு.

என் பெயர் அரசப்பன். துரைராசு அண்ணனோடு ஒரே பஸ்ஸில் பதினான்கு வருஷம் கண்டக்டராகப் போனவன். இப்போது டிக்கெட் பரிசோதகர். எங்கள் தொழிலில் டிரைவர் முன்னால் பார்ப்பார், கண்டக்டர் பின்னால் பார்ப்பான். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் போ. படியில் யார் தொங்குகிறார்கள், யார் இறங்கி முடிக்கவில்லை என்பதெல்லாம் என் பொறுப்பு. என் விசிலைச் சந்தேகப்பட்டு அண்ணன் ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

நானும் அவரைச் சந்தேகப்பட்டதில்லை என்று சொல்ல ஆசைதான். டூட்டியில் அவர் ஒரு சொட்டுத் தொட மாட்டார், அது சத்தியம். ஆஃப் நாளில் குடிப்பார், நிறையக் குடிப்பார். ஆஃப் முடிந்து மறுநாள் காலை ஏழே முக்கால் வண்டியை எடுக்க வரும்போது, சில நாள், பக்கத்தில் போனாலே முந்தின நாள் வாசனை வரும். நான் வெற்றிலை பாக்கை நீட்டுவேன். வாங்கிப் போட்டுக்கொள்வார். பிறகு இரண்டு விசில் அடிப்பேன். உள்ளே எழுபது பேர் இருப்பார்கள், பாதிக்கு மேல் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். ஒன்றும் நடக்கவில்லை. நடக்காமல் போனதற்குத்தான் மெடல் கொடுத்தார்கள்.

அவருக்கு ஒரே மகன், செந்தில்குமார். என்னைச் சித்தப்பா என்று கூப்பிடுவான். திருச்சியில் இறங்கப் போகும் விமானங்கள் எங்கள் ஊர்ப் பக்கம் கொஞ்சம் தாழ்ந்துதான் வரும். அவன் சின்ன வயதிலிருந்தே சோற்றுத் தட்டை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவான். வளர்ந்த பிறகும் அந்தப் பைத்தியம் போகவில்லை. இன்ஜினியரிங் படித்துக்கொண்டே, வயலுக்கு மருந்து அடிக்கும் ட்ரோன் ஓட்டக் கற்றுக்கொண்டான். லீவு நாட்களில் வரப்பில் நின்றுகொண்டு ஊரார் வயலுக்கெல்லாம் அடித்துக் கொடுப்பான். கல்யாண வீட்டில் பீடா கூட வாயில் போடாத பிள்ளை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கிறது.

2022ஆம் வருஷம் தை மாதம், பாபநாசத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில், அண்ணனின் கடைசித் தங்கை மகளுக்கு மஞ்சள் நீராட்டு. தாய்மாமன் சீர் ஐம்பத்தொரு தட்டு. பழம், பட்டுப்புடவை, வெள்ளிக் கொலுசு, ஒரு தட்டில் செங்கரும்பு கூட இருந்தது. நாயனம், வெடி எல்லாம் முடிந்து தட்டுகள் இறங்கியதும், தங்கை புருஷன் வீட்டு ஆட்கள் வந்து மாமனைக் கையைப் பிடித்து வயல் மோட்டார் கொட்டகைக்கு அழைத்துப் போனார்கள். அது அங்கே வழக்கம். சீர் கொண்டுவந்த தாய்மாமன் முகம் கோணாமல் திரும்ப வேண்டும். அவன் வேண்டாம் என்றால் சீரில் குறை சொல்லிப் பேசிவிட்டோமோ என்று அவர்களுக்குக் கலக்கம், குடித்தால்தான் அவர்களுக்கு நிம்மதி. அண்ணன் அவர்களுக்கு நிறையவே நிம்மதி கொடுத்தார். நானும் கூடப் போய் இரண்டு வாய் குடித்தேன்.

மத்தியானம் மூன்று மணிக்குக் கிளம்பினோம். அண்ணி தர்மாம்பாள் நாத்தனாருக்கு ஒத்தாசையாக அங்கேயே தங்கிவிட்டார். செந்தில் கார் சாவிக்குக் கை நீட்டினான்.

"நான் ஓட்டுறேம்ப்பா."

"இருபத்தஞ்சு வருசம் ஆக்சிடென்ட் இல்லாம ஓட்டுனவன்கிட்ட சாவி கேக்குறியா நீ?" என்றார் அண்ணன்.

அவன் என்னைப் பார்த்தான். பின் சீட்டில் ஏறிக்கொண்டே நான் சொன்னேன், "டிரைவர் ஓட்டட்டும்டா, உக்காரு." வாயில் விசில் இல்லையே தவிர, அதுவும் இரண்டு விசில்தான்.

தஞ்சாவூர் சாலையில் ஒரு பாலத்தடியில் போலீஸ் சோதனை. ஊதச் சொன்னார்கள். அண்ணன் ஊதினார். மெஷினில் நூற்று எண்பத்திரண்டு என்று காட்டியது. முப்பதைத் தாண்டினாலே வழக்கு. வயதான ஏட்டு ஒருவர் குனிந்து அண்ணன் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "ஏழே முக்கால் வண்டி டிரைவரா நீங்க?" என்றார். அவருடைய பெண் அந்த வண்டியில்தான் காலேஜுக்குப் போய் வந்ததாம். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போலத்தான் அப்போது எங்களுக்கு இருந்தது.

"உங்க பேரை எழுதினா டெப்போவுக்கு ரிப்போர்ட் போயிடும் டிரைவரே. சீட்டுல பேரு இன்னும் எழுதல," என்றார் அவர். நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தபடி நின்றார்.

முதலில் வாயைத் திறந்தது நான். "பையன்தான் ஓட்டினான்னு எழுதிக்குங்க ஐயா. அவன்கிட்ட லைசென்ஸ் இருக்கு."

செந்திலுக்கு அப்போது பத்தொன்பது வயது. அவனைக் கொஞ்சம் தள்ளி, கரும்பு ஜூஸ் வண்டிப் பக்கம் அழைத்துப் போனேன். "உங்கப்பாவுக்கு இன்னும் மூணு வருசம் சர்வீஸ் இருக்குடா. இப்ப வேலை போனா பென்சனும் போச்சு, மானமும் போச்சு. உனக்கு என்ன? படிக்கிற பையன். கோர்ட்டுல அபராதம் கட்டிட்டா முடிஞ்சுது."

அவன் காரைத் திரும்பிப் பார்த்தான். அண்ணன் ஸ்டியரிங் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் நிமிரவில்லை. செந்தில் பர்ஸிலிருந்து லைசென்ஸை எடுத்து என் கையில் கொடுத்தான்.

கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டான், அபராதம் கட்டினான், லைசென்ஸை ஆறு மாதம் நிறுத்திவைத்தார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். எங்கள் விஷயத்தில் இரண்டும் ஒரே காரில்தான் உட்கார்ந்திருந்தன. பொய்யென்று வந்துவிட்டால் வீட்டுக்குள்ளும் அதையே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கசிந்துவிடும். அதனால் அண்ணியிடமும் பையன்தான் குடித்தான் என்றே சொன்னோம். அந்த யோசனையும் என்னுடையதுதான்.

அண்ணி இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் மகனை அய்யனார் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனார். எங்கள் பக்கம் குடியை விடுகிறவர்களைக் கூட்டிப்போய்ச் சாமி முன் சத்தியம் பண்ணவைத்து, பூசாரி கையால் கயிறு கட்டுவார்கள். கட்டிய பிறகு குடித்தால் அய்யனார் சும்மா விடமாட்டார் என்று நம்பிக்கை. செந்தில் மணிக்கட்டில் அந்தக் கறுப்புக் கயிறு ஏறியது. வருஷா வருஷம் ஆடியில் அதைப் புதுப்பிக்கவும் செய்தார் அண்ணி. மூன்று ஆடியிலும் கோயிலுக்குக் காரை ஓட்டிப்போனவர் அண்ணன். கற்பூரத்தட்டு வரும்போது அவரும் தொட்டு ஒற்றிக்கொள்வார். நல்லவேளை, அய்யனார் குதிரையை விட்டு இறங்கி வரவில்லை.

அந்தப் பாலத்தடிக்குப் பிறகு அண்ணன் குடிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கயிறு கட்டாமலே விட்டுவிட்டார். 2024 கடைசியில் மாலை, மரியாதையோடு ஓய்வு பெற்றார். வாழ்த்திப் பேசியவர்கள் எல்லாரும் மெடலைப் பற்றியே பேசினார்கள். செந்தில் கடைசி வரிசையில் நின்று கை தட்டினான்.

அடுத்த வருஷம் அவனுக்கு ஒரு வழி பிறந்தது. விமானிப் பயிற்சிப் பள்ளி ஒன்றின் நுழைவுத் தேர்வில் தேறிவிட்டான். பேங்க் கடன் தருவதாகச் சொன்னது, பட்டுக்கோட்டைப் பக்கம் அண்ணியின் பிறந்த வீட்டுத் தென்னந்தோப்பு ஜாமீனுக்கு இருந்தது. பிறகு படிவம் வந்தது. பதினொன்றாவது பக்கத்தில் ஒரு கேள்வி. குடித்துவிட்டு வாகனம் ஓட்டியதாக எப்போதாவது உங்கள்மீது வழக்கோ தண்டனையோ உண்டா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள்.

"இல்லைன்னு போட்டுடுடா, யாருக்குத் தெரியப்போவுது," என்றேன். ஒரு தடவை பட்டும் எனக்குப் புத்தி வரவில்லை.

"போலீஸ் விசாரணை உண்டு சித்தப்பா. மறைச்சது தெரிஞ்சா அப்புறம் எந்தக் காலத்துலயும் லைசென்ஸ் தரமாட்டாங்க," என்று சொல்லிவிட்டு, ஆம் என்ற கட்டத்தில் டிக் போட்டான். அண்ணன் பக்கத்தில்தான் இருந்தார். பேப்பரை மடித்து மடித்துப் படித்துக்கொண்டிருந்தார்.

ஆம் என்று எழுதியதால் சென்னையில் ஒரு மருத்துவரைப் பார்க்கச் சொன்னார்கள். விமானிகளுக்கு உடல்தகுதி எழுதித் தருகிறவர். "நீ கூடப் போயிட்டு வா அரசு. என்னால அந்த டாக்டர் முன்னாடி உக்கார முடியாது," என்றார் அண்ணன். போனேன்.

கண், காது, இதயம் எல்லாம் நன்றாக இருந்தன. டாக்டர் கோர்ட் காகிதத்தை எடுத்தார்.

"எவ்வளவு நாளா குடிக்கிறீங்க?"

"குடிக்கிறதில்ல சார். அன்னிக்கு ஒரு நாள்தான்."

"நூத்தி எண்பத்திரண்டு இருக்கே தம்பி. முதல் தடவை குடிக்கிற பத்தொன்பது வயசுப் பையன் இந்த அளவுல வாந்தி எடுத்து விழுந்து கிடப்பான். நீங்க கார் ஓட்டிட்டு வந்திருக்கீங்க. வருஷக்கணக்காப் பழகின உடம்புதான் இதைத் தாங்கும்."

அந்த டாக்டர் சொன்னது அத்தனையும் சரி. உடம்புதான் வேறு. பக்கத்து நாற்காலியில் அதைத் தெரிந்த ஒருவன் உட்கார்ந்திருந்தான். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். என் நாக்கு எழவில்லை. செந்தில் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் சொல்லியிருப்பேன் என்று பிறகு எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

"கையில என்ன கயிறு?" என்றார் டாக்டர்.

கோயில் கயிறு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ஒரு பொய்யைத் தவிர வேறு பொய் அவனுக்கு வராது. "அம்மா கட்டிவிட்டது சார். குடியை விடுறதுக்கு."

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார். கோபப்படவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். "மறைக்காம எழுதினீங்களே, அது நல்லது. ஆனா இப்ப என்னால கையெழுத்துப் போட முடியாது. ரெண்டு வருஷம் ரத்தப் பரிசோதனை, மனநல மருத்துவர் சர்டிபிகேட், அதெல்லாம் வரட்டும். நாளைக்கு ஒரு விமானத்துல நூத்தி எண்பது பேரை உங்ககிட்ட ஒப்படைக்கணும் இல்லையா?"

எனக்கு எங்கள் எழுபது பேர் ஞாபகத்துக்கு வந்தார்கள். அவர்களை ஒப்படைத்தவன் நான்தான். வெட்கமாக இருந்தது. அங்கேயும் வெட்கப்படத்தான் தெரிந்தது, பேசத் தெரியவில்லை.

திரும்பி வரும்போது செந்தில் ஒன்றே ஒன்று கேட்டான். "கயிறு விசயத்தை அப்பாகிட்ட சொல்லாதீங்க சித்தப்பா." மறுநாள் காலையில் போய் முதல் வேலையாக அதைத்தான் சொன்னேன்.

அண்ணன் எழுந்து கொல்லைப்பக்கம் போனார். அண்ணி முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் போய் நின்று, "அன்னிக்குக் குடிச்சது நான் தர்மு. ஓட்டுனதும் நான்தான். புள்ள தண்ணி கூடக் குடிக்கல," என்றார்.

முறம் நின்றது.

"மூணு ஆடி," என்றார் அண்ணி. "மூணு ஆடியும் எம்புள்ளையை அய்யனார் முன்னாடி நிறுத்தி, குடிக்க மாட்டேன்னு சொல்லு, சொல்லுன்னு அடிக்காத குறையாச் சொல்ல வச்சேனே. காரை நீங்கதானே ஓட்டுனீங்க?"

அண்ணி மகனைக் கூப்பிட்டார். முடிச்சு இறுகிப்போயிருந்ததால் அவிழ்க்க வரவில்லை. அரிவாள்மணையில் வைத்து அறுத்தார். அறுந்த கயிற்றை அண்ணன் உள்ளங்கையில் வைத்தார். "வச்சுக்குங்க. உங்களுக்குக் கட்டிவிட எனக்குக் கை வரல." மெடல் அன்றைக்கே கூடத்தை விட்டுப் போய்விட்டது. யார் எடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

தஞ்சாவூரில் வக்கீல் ரோஹிணியைப் பார்த்தோம். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் மனுப் போட்டுத் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கலாம் என்றார். மனு நம்பர் கிடைத்தால் பயிற்சிப் பள்ளி அடுத்த பேட்சுக்கு அவன் இடத்தை நிறுத்திவைக்கும், ஜூலை இருபதுக்குள் காட்ட வேண்டும். "ஆனா ஒண்ணு. இப்ப அப்பா வந்து நான்தான் குடிச்சேன்னு சொன்னா, மகனைக் காப்பாத்தச் சொல்றார்னுதான் ஜட்ஜ் நினைப்பார். பென்ஷன் கையில வந்தாச்சு, இப்ப பழியை ஏத்துக்கிறது சுலபம்னு தோணும். மூணாவது ஆள் ஒருத்தர் வேணும். அந்த ஏட்டு இருக்காரா?"

ஏட்டு முந்தின வருஷம் இறந்துபோயிருந்தார்.

"வேற யாரு வண்டியில இருந்தது?"

அண்ணன் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். "நான் இருந்தேன்," என்றேன். "யோசிச்சுச் சொல்லுங்க," என்றார் வக்கீல். "பொய்யா ஆளை மாத்திவிட்டதுக்கு உங்க மேலயும் வழக்கு வரலாம். நீங்க இன்னும் சர்வீஸ்ல இருக்கீங்க."

யோசித்தேன். பதினொரு நாள் யோசித்தேன். அண்ணன் போன் செய்தால் லைன் டூட்டியில் இருக்கிறேன் என்றேன். செந்தில் செய்தால் எடுக்கவே இல்லை. என் மனைவியிடம் கூடச் சொல்லவில்லை. பத்தொன்பது வயதுப் பிள்ளையை ஜூஸ் வண்டிப் பக்கம் நிறுத்தி யோசிக்க நான் கொடுத்தது மொத்தம் இரண்டு நிமிஷம். அந்தக் கணக்கும் அந்த நாட்களில் எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

ஜூலை பதினெட்டு காலையில் அண்ணியே போனில் கூப்பிட்டார். "வந்துட்டுப் போங்க தம்பி." அண்ணி கூப்பிட்டால் தட்ட முடியாது.

கூடத்தில் செந்தில் மட்டும் இருந்தான். அண்ணன் நோட்டரியிடம் போயிருந்தாராம். மேஜையில் டைப் அடித்த பிரமாணப் பத்திரத்தின் நகல் இருந்தது. எடுத்துப் படித்தேன். அண்ணன் சொல்வதாக எழுதியிருந்தது: அன்று காரில் நானும் என் மகனும் மட்டுமே இருந்தோம். மகன் பெயரை எழுதிக்கொள்ளும்படி காவலரிடம் கேட்டவன் நான். அவனைக் கட்டாயப்படுத்தியவனும் நான். கீழே துரைராசு என்று கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. என் பெயர் எங்கேயும் இல்லை.

முதலில் எனக்கு வந்தது நிம்மதி. மூச்சை இழுத்துவிட்டேன், சத்தமாகவே. செந்தில் அதைக் கேட்டிருப்பான். இத்தனைக்கும் பிறகு எனக்கு நிம்மதிதான் வந்தது என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை, இங்கேதான் சொல்கிறேன்.

"வக்கீலம்மா இது நிக்காதுன்னாங்களே," என்றேன்.

"ஆமா சித்தப்பா. சந்தேகம்தான்னாங்க. அப்பாதான் உங்களை இழுக்க வேணாம்னாரு. நானும் சரின்னுட்டேன்." அவன் குரலில் குத்தல் எதுவும் இல்லை. மூன்றரை வருஷத்துக்கு முன் நான் அவனிடம் பேசிய அதே ஆதரவான குரலில் சொன்னான். "உங்களுக்கு இன்னும் நாலு வருசம் சர்வீஸ் இருக்குல்ல."

அண்ணி காபி கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். வைத்துவிட்டு உள்ளே போகவில்லை, நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். டி.வி.க்கு மேலே சுவரில் மெடல் இருந்த இடம் சதுரமாக வெளுத்துத் தெரிந்தது. பத்திரத்தை மேஜையில் திரும்ப வைத்தேன். அவன் சொன்ன வார்த்தை அத்தனையும் என்னுடைய வார்த்தை. அதை நம்பித்தான் அவன் அன்றைக்கு லைசென்ஸை என் கையில் கொடுத்தான்.

"அண்ணன் எந்த நோட்டரிகிட்ட போயிருக்காரு?" என்று கேட்டேன்.

"தஞ்சாவூர்ல சித்தப்பா. கோர்ட்டுக்கு எதிர்த்தாப்ல."

"கையெழுத்துப் போட வேணாம்னு போன் பண்ணுடா. முதல் வரியே பொய். காருல மூணு பேரு."

அவன் போனை எடுத்தான், ஆனால் உடனே அழைக்கவில்லை. நான் மனசு மாறிவிடுகிறேனா என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிஷம் காத்திருந்தான். என்னைப் பார்த்து அப்படிக் காத்திருக்கும்படிதான் நான் அவனை வைத்திருந்தேன்.

அன்று சாயங்காலத்துக்குள் பத்திரத்தை மாற்றி அடித்தார்கள். மனு நம்பர் பத்தொன்பதாம் தேதி வந்தது. மனு என்ன ஆகும் என்று தெரியாது, எனக்கு டெப்போவிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்துவிட்டது. புதுப் பத்திரத்தில் அண்ணன் பெயரும் செந்தில் பெயரும் முதலில் இருக்கின்றன. என் பெயர் கடைசியில் இருக்கிறது. பாலத்தடியில் முதலில் பேசியவன் நான்.